பள்ளிக்கு வந்த பல் மருத்துவம்

மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் பொதுவான பல் மருத்துவக் கல்வி 1929ஆம் ஆண்டில் சிங்கப்பூரிலிருந்த ஏழாம் எட்வர்டு மன்னர் மருத்துவக் கல்லூரியில் தொடங்கப்பெற்றது. கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவப் புலம் தோன்றியதோ 1972இல். இவ்விரண்டு ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். வெளிநாடு சென்று பயின்றோர் நீங்கலாக, நாற்பதாண்டுகளுக்கு மேலாக நம் நாடு ஒரே பயிற்சிக்கூடத்தை நம்பியிருந்தது. தோட்டத்திலும் கம்பத்திலும் வாழ்ந்தோருக்குப் பல்வலிக்கு முதல் மருந்து கிராம்பும் உப்புநீரும். இறுதி மருந்து பல்லைப் பிடுங்குதல்.

இச்சிக்கலுக்கு விடை நியூசிலாந்திலிருந்து வந்தது. முதல் உலகப் போரில் படைக்குச் சேர வந்த இளைஞர்தம் பற்கள் கெட்டிருந்தமை கண்டு அதிர்ந்த அந்நாடு, 1921இல் வெலிங்டனில் இளம்பெண்களுக்கு ஈராண்டுப் பயிற்சியளித்துப் பள்ளிகளுக்கு அனுப்பத் தொடங்கியது. இதனை முன்னின்று நடத்தியவர் தாமஸ் ஹண்டர். முழுப் படிப்பில்லாதவர் பல்லைத் துளையிடுவதா என மருத்துவரிடையே எதிர்ப்பு எழுந்தது. அந்நாட்டுச் சிறுவர்களோ அவ்வறைக்குக் ‘கொலைக்கூடம்’ என்றே பெயரிட்டனர். ஆயினும் திட்டம் நிலைத்தது.

அதனைப் பின்பற்றி 1949இல் பினாங்கில் பயிற்சிப் பள்ளி எழுந்தது. அதில் தேறிய பல் தாதியர் சொத்தையை அடைத்தனர். கெட்ட பாற்பல்லை அகற்றினர். பல் துலக்கவும் கற்பித்தனர். நாம் இங்கு வியப்பது அவர்தம் கைத்திறனை மட்டுமன்று. மருத்துவமனைக்குக் குழந்தை வரட்டும் எனக் காத்திராமல், வகுப்பின் வருகைப் பதிவேட்டையே நோயாளர் பட்டியலாக்கிய அரசின் முடிவையே. பெற்றோர் ஒருநாள் கூலியை இழக்க வேண்டியதில்லை. பேருந்துக் காசும் தேட வேண்டியதில்லை. பெயர் கூப்பிட்டதும் மேசைக்கடியில் ஒளிந்த பிள்ளைகளும் இருந்திருப்பர். அவர்களும் பட்டியலிலிருந்து தப்பவில்லை.

தீபகற்ப மலேசியாவின் குடிநீரில் புளோரைடு சேர்க்க அமைச்சரவை 1972இல் ஒப்புதல் அளித்தது. அதுவும் இதே நோக்குடையதே: எவரும் எங்கும் சென்று கேட்க வேண்டியதில்லை. எனினும் குழாய்நீர் எட்டாத ஊருக்கு அப்பயனும் எட்டவில்லை.

பள்ளியை வாயிலாகக் கொண்ட ஏற்பாட்டிற்குப் பள்ளியே எல்லையாகவும் அமைந்தது. 1971ஆம் ஆண்டின் பல் மருத்துவச் சட்டத்தின்கீழ், தாதியர் அரசுப் பணியில் மட்டுமே, 17 வயதுக்குட்பட்டோருக்கு மட்டுமே சிகிச்சையளிக்க இயன்றது. நேற்றுவரை பெயர் சொல்லி அழைக்கப்பட்ட மாணவன், படிப்பு முடிந்து ஆலையில் சேர்ந்ததும், அழைப்பாரின்றித் தானே விடுப்புப் பெற்றுச் சிகிச்சை தேட வேண்டியவனானான். 1949க்கு முன்பே பள்ளிப் பருவம் கடந்துவிட்ட அவன் பாட்டியின் பெயரோ எந்தப் பதிவேட்டிலும் ஏறியதேயில்லை. வளர்ந்தோரையும் முதியோரையும் பெயர் சொல்லி அழைக்கும் பதிவேடு எது என்னும் வினாவை அன்றைய திட்டம் எழுப்பவில்லை; இன்றைய திட்டங்களிடம் நாம் அதனைக் கேட்கிறோம்.