நடுரோட்டில் நின்ற காரை கயிறு கட்டி இழுக்கப் போறீங்களா? முதல்ல இதை கவனிங்க!

கார் பாதி வழியில் நின்றுவிட்டால் கிடைத்த கயிற்றை பம்பரில் கட்டி இழுப்பதுதான் நம்ம ஊர் வழக்கம். பம்பர் கையோடு வந்துவிடும். பெரும்பாலான கார்களில் டிக்கியில் உள்ள டூல்ஸுடன் ஒரு டோ ஹூக் இருக்கும். பம்பரில் உள்ள சின்ன மூடியைத் திறந்து அதை முழுசா திருகி மாட்டணும்.

பின்னால் வரும் காரில் லைசென்ஸ் உள்ளவர் உட்கார வேண்டும். கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் இறங்கியபடி, இக்னிஷன் ஆனில் இருக்கணும். சாவியை எடுத்தால் ஸ்டீயரிங் லாக் ஆகிவிடும்.

உண்மையான ஆபத்து பிரேக்கில்தான். இன்ஜின் ஓடாதபோது இரண்டு, மூன்று முறை மிதித்ததுமே பிரேக் கல் மாதிரி இறுகிவிடும், ஸ்டீயரிங்கும் கனக்கும். முழு பலத்தோடு மிதித்தால்தான் வண்டி நிற்கும். அதனால் 20 கி.மீ. வேகமே போதும்.

இரு வண்டிகளுக்கும் இடையே 5 மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது என்கிறது சாலை விதி. கயிறு தளர்ந்து திடீரென இழுபட்டால் அறுந்துவிடும். பின்னால் இருப்பவர் லேசாக பிரேக் பிடித்து கயிறு தொய்யாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கயிற்றின் நடுவே ஒரு சிவப்புத் துணி கட்டுங்க. குறுக்கே பைக்கில் புகுபவர்களுக்கு கயிறு தெரியாது.

ஆட்டோமேட்டிக், எலெக்ட்ரிக் கார்களை இப்படி இழுக்கவே கூடாது, கியர்பாக்ஸ், மோட்டார் பழுதாகலாம். அதற்கு ஃபிளாட்பெட் லாரிதான் சரி. இன்சூரன்ஸில் ரோட்சைடு அசிஸ்டன்ஸ் இருக்கிறதா என பாலிசியைப் பாருங்க.