இடும்பன் எவ்வளவு உயரம்?

ஆயக்குடியின் கொய்யாத் தோப்புகளில் நின்று மேற்கே பார்த்தால் பழனி மலை தெரியும். பக்கத்திலேயே, ரோப் காரும் கூட்டமும் இல்லாமல் இன்னொரு மலை. அதுதான் இடும்பன் மலை. இந்த இரண்டு மலைகளையும் ஒரே தடியில் கட்டி, ஒருவன் தோளில் தூக்கி வந்தான் என்கிறது கதை. அப்படியானால் அவன் எவ்வளவு உயரம் இருந்திருப்பான்?

சின்னப் பையன் கேட்கிற கேள்விதான். ஆனால் இதைப் பிடித்துக்கொண்டு போனால் ஈராயிரம் வருஷத்துத் தமிழ்க் கற்பனைக்குள் ஒரு சுற்று சுற்றி வரலாம்.

முதலில் கதை. இடும்பன் ஓர் அசுரன், அகத்தியரின் சீடன். சிவகிரி, சக்திகிரி என்ற இரண்டு குன்றுகளைப் பொதிகைக்குக் கொண்டுவரச் சொல்கிறார் குரு. பிரம்மதண்டம் தடியாகிறது, பாம்புகள் உறியாகின்றன. ஆவினன்குடி பக்கம் வந்ததும் களைப்பாறச் சுமையை இறக்கி வைக்கிறான். திரும்பத் தூக்கினால் நகரவில்லை. மேலே பார்த்தால் கோவணம் கட்டிய ஒரு சிறுவன், இது என் மலை என்கிறான். சண்டை வருகிறது, அசுரன் விழுகிறான். மனைவி இடும்பி அழுது கேட்க, அவனுக்கு உயிர் திரும்புகிறது, கூடவே காவல்காரன் வேலையும் கிடைக்கிறது.

இப்போது கணக்கு. பழனி மலை தரையிலிருந்து சுமார் 450 அடி. காவடியில் தொங்கும் சுமை, தூக்குகிறவன் உயரத்தில் கால் பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். இடும்பன் 1,800 அடி வருகிறான்! 6 அடி மனிதனைப்போல 300 மடங்கு. சிக்கல் இங்கேதான். உயரம் 300 மடங்கானால் எலும்பின் குறுக்குப் பரப்பு 90,000 மடங்காகும். எடையோ 2 கோடியே 70 லட்சம் மடங்காகிவிடும். ஒவ்வொரு அங்குல எலும்பும் 300 மடங்கு அதிகம் தாங்க வேண்டும். ஹால்டேன் என்ற உயிரியல் அறிஞர் 1926ல் எழுதிய கட்டுரையில், வெறும் 60 அடி அரக்கனுக்கே அடி எடுத்து வைக்கும்போது தொடை எலும்பு முறிந்துவிடும் என்று காட்டிவிட்டார். நம்ம இடும்பன் மலையைத் தூக்குவதற்கு முன்பே காலி.

நல்லவேளையாகத் தமிழ்ப் புலவர்கள் யாரும் அடிக்கோலோடு உட்காரவில்லை.

பழைய நூல்களில் இருட்டான சக்திக்குப் பெயர் சூர். அந்தச் சொல்லுக்கே அச்சம் என்று ஒரு பொருள் உண்டு. மலை, சுனை, காடு என்று ஆள் தனியாகப் போகப் பயப்படும் இடங்களில் அது குடியிருந்தது. திருமுருகாற்றுப்படையில் வருகிற சூரர மகளிர் அழகிகள்! மலைச்சாரலில் பூச்சூடி ஆடுகிறார்கள். அதே பாட்டிலேயே பேய்மகளும் வருகிறாள்: காய்ந்த தலைமயிர், வரிசை தப்பிய பல், சுழலும் கண், ரத்தம் தோய்ந்த விரல். முருகன் கொன்ற சூரனோ இரண்டு வடிவம் ஒட்டிய ஒரே உடம்பு. குதிரை முகமும் மனித உடலும் என்று உரை எழுதினார் நச்சினார்க்கினியர். பயம் தருகிற உருவம் பெரிதாகத்தான் இருக்க வேண்டும், அசிங்கமாகத்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

கம்பன் கும்பகருணனை அளந்த விதம் அபாரம். ஒரு தோளிலிருந்து மறு தோள் வரை பார்வையை ஓட்டிக்கொண்டு போனால் பல நாள் ஆகிவிடும் என்று ராமனையே சொல்ல வைக்கிறான். அடியும் முழமும் இல்லை, பார்க்க ஆகிற நேரம்தான் அளவு. கலிங்கத்துப்பரணி பாடிய செயங்கொண்டார் வேறு ரகம். குலோத்துங்க சோழனின் போரைப் பாட வந்தவர், பேய்களை ஊர்ச் சாமான்களால் கட்டுகிறார். காலுக்குப் பனை, வாய்க்குக் குகை, பல்லுக்கு மண்வெட்டி. படிக்கப் படிக்கப் பயம் போய்ச் சிரிப்பு வருகிறது. பசியில் காய்ந்த பேய்கள் அவை; பஞ்சம் பார்த்த ஊரில்தான் அப்படி ஒரு பேய் பிறக்க முடியும் என்று தோன்றுகிறது.

கந்தபுராணத்தில் எல்லாமே பெரிய எண்ணிக்கை. சிங்கமுகனுக்கு ஆயிரம் தலை, இரண்டாயிரம் கை. ஆனால் கந்தசஷ்டி அன்று பழனி கிரிவீதிக்கு வரும்போது அவனுக்கு ஒரே ஒரு சிங்கத் தலைதான். வேறு வழி? தெருவில் கொண்டுவர வேண்டுமே. வடக்குக் கிரிவீதியில் தாரகன், கிழக்கில் பானுகோபன், தெற்கில் சிங்கமுகன், மேற்கில் சூரபத்மன் என்று நான்கு திசையில் நான்கு பேர் விழுகிறார்கள். புராணத்தின் அளவு வேறு, வீதியின் அளவு வேறு. சினிமாவின் அளவு இன்னும் சின்னது. 1967ல் 'கந்தன் கருணை' வந்த பிறகு ஒரு தலைமுறைக்கே சூரபத்மன் என்றால் அசோகன் உயரம், அசோகன் சிரிப்பு.

கல்லில் இன்னொரு கூத்து. மாமல்லபுரம் குகையில் பல்லவச் சிற்பி செதுக்கிய மகிஷன் நல்ல ஆஜானுபாகு. எருமைத் தலை, கையில் கதை, தலைக்கு மேல் குடை. அம்மனுக்குச் சமமாக நின்று சண்டை போடுகிறான். பிற்காலக் கோயில்களில் அவனைத் தேடினால் அம்மனின் காலடியில் ஒரு எருமைத் தலை மட்டும் மிச்சம். சண்டை முடிந்துபோய், வெற்றி மட்டும் கும்பிடப்படும் காலம் வந்ததும் எதிரி சுருங்கிவிட்டான்.

இங்கிலாந்திலும் இதே கதைதான். டோல்கீன் தன் பால்ராக் என்ற நெருப்பு அரக்கனை முதல் வரைவில் மனித உயரத்துக்கு மேல் வைக்கவில்லை. அதன் பயங்கரம்தான் அதற்கு முன்னால் நடந்து வந்தது. 1954ல் அச்சில் வந்தபோது மனித வடிவம், ஆனால் அதைவிடப் பெரியது என்று கொஞ்சம் வளர்ந்தது. 2001ல் திரைக்கு வந்தபோது கொம்பும் இறக்கையுமாகப் பாதாளத்தையே அடைத்து நின்றது. இறக்கை உண்டா இல்லையா என்று அந்த வாசகர்கள் போடுகிற சண்டை நம்மூர்ப் பட்டிமன்றம் தோற்கும்.

உயரத்தைவிடப் பெரிய வில்லங்கம் நிறத்தில் இருக்கிறது. அரக்கன் என்றால் கறுப்பு, கோரைப்பல், கொழுத்த மீசை என்று காலண்டர் படங்கள் பழக்கிவிட்டன. திருமாலும் கறுப்பு, காளியும் கறுப்பு, ஊரைக் காக்கிற கருப்பசாமிக்குப் பெயரே அதுதான். அப்புறம் எப்படிக் கறுப்பு கெட்டவன் நிறமானது? அரக்கர் என்று எழுதப்பட்டவர்கள் தென்னாட்டு மக்களே என்று திராவிட இயக்கம் வாதிட்டது இந்த இடத்தில்தான். புலவர் குழந்தை 1946ல் ராவணனையே நாயகனாக்கி 'இராவண காவியம்' எழுதினார். 1948ல் அரசு அதைத் தடை செய்தது, 1971ல்தான் தடை நீங்கியது. ஒரு அசுரன் எப்படி இருந்தான் என்ற கேள்விக்கு அரசாங்கம் 23 வருஷம் பயந்திருக்கிறது. (கும்பகருணனைப் பார்த்துக்கூட ராமன் இவ்வளவு யோசிக்கவில்லை.)

இடும்பன் இந்தச் சண்டை எதிலும் மாட்டவில்லை. பழனியில் அவனுக்குப் படிவழியில் சந்நிதி உண்டு. அவனைக் கும்பிட்ட பிறகுதான் முருகனைப் பார்க்க வேண்டும் என்பது பழைய வழக்கம். அவன் கேட்ட வரமும் சின்னதுதான்: தன்னைப்போலத் தோளில் சுமை கட்டி வருகிறவர்களுக்கு அருள் வேண்டும். அதனால் மலையைத் தூக்கிய தடி, பால்குடமும் கொடுமுடித் தீர்த்தமும் தொங்குகிற காவடியாக மனிதத் தோளின் அளவுக்கு இறங்கி வந்தது.

ஆனால் கதையின் ருசியே அளவு முரண்தானே? மலையைத் தூக்குகிற ஆள், கோவணம் கட்டிய பொடியனிடம் தோற்கிறான். பழனிக் கதையில் பெருமை எல்லாம் அசுரனுக்கு, சிறுமை கடவுளுக்கு. சமீப காலத்தில் இது தலைகீழாகிவிட்டது. 2006ல் மலேசியாவின் பத்துமலையில் 140 அடி முருகன் எழுந்தார். 2022ல் சேலம் மாவட்டம் புத்திரகவுண்டன்பாளையத்தில் 146 அடி முருகன். அங்கெல்லாம் அண்ணாந்து பார்க்க வேண்டியது கடவுளை.

பழனியில் மட்டும் இன்னும் பழைய கணக்கு. உச்சியில் தண்டத்தோடு நிற்கிற தண்டாயுதபாணி சிறிய மேனிதான். ஆயக்குடிப் பக்கமிருந்து பார்த்தால் தெரிகிற இரண்டு பெரிய உருவங்களும் அசுரன் இறக்கி வைத்த சுமைகள்.