வசதியும் உறவும்: இணையவழிப் பலர் விளையாட்டுகளில் வடிவமைப்பு மாற்றங்கள் (1999–2023)

ஆய்வுச் சுருக்கம்

பல்லாயிரவர் ஒரே உலகில் கூடி ஆடும் இணையவழி விளையாட்டுகளில் காத்திருப்பு, நெடும்பயணம், ஆள் சேர்த்தல் ஆகியன இடையூறுகளாகக் கருதப்பட்டுப் படிப்படியாகக் குறைக்கப்பட்டன. எவர்குவெஸ்ட், வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஆகிய இரு அமெரிக்க விளையாட்டுகளின்வழி இம்மாற்றத்தை ஆராயும் இக்கட்டுரை, அவ்விடையூறுகள் ஆட்டக்காரரிடையே உறவை வளர்த்தன என்பதையும், அவற்றின் சுமை எல்லோர்மீதும் ஒரே அளவில் விழவில்லை என்பதையும் எடுத்துக்காட்டுகிறது.

கலைச்சொற்கள்: இணையவழி விளையாட்டு, வடிவமைப்பு, வசதி, வழங்கி, நற்பெயர்

முன்னுரை

தனியொருவர் ஆடும் விளையாட்டில் ஓர் இடையூறு நீங்கினால் அதன் விளைவு அவரோடு முடிகிறது. பலர் கூடி ஆடும் உலகில் அவ்வாறன்று. ஒருவர் மற்றொருவரை நாடுவதற்கான காரணமாகவே அவ்விடையூறு இருக்கக்கூடும். எனவே வசதி குறித்த விவாதம், அவ்வுலகில் மக்கள் எவ்வாறு கூடி வாழ்வது என்பது குறித்த விவாதமாகவும் அமைகிறது.

எவர்குவெஸ்ட்: தொலைவும் தேவையும்

1999 மார்ச்சில் வெளியான எவர்குவெஸ்டில் கண்டம் கடக்கக் கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும். இறந்தவரின் உடைமைகள் இறந்த இடத்திலேயே உடலோடு கிடக்கும். அவரே சென்று மீட்க வேண்டும். இக்கடுமை பிறரின் திறனுக்கு மதிப்பளித்தது. தொலைவிடத்திற்கு நொடியில் அனுப்பவல்ல ட்ரூயிட், விசார்ட் ஆகியோரைப் பயணிகள் கட்டணம் கொடுத்து நாடினர். சந்தை எதுவும் வடிவமைக்கப்படாத நிலையில், பல வழங்கிகளில் கிழக்குக் காமன்லேண்ட்ஸ் சுரங்கப்பாதையில் ஆட்டக்காரர்களே கூடிக் கூவி விற்றனர்.

2001 டிசம்பரில் வந்த லக்ளின் விரிவாக்கத்தை ஒட்டிப் ‘பஜார்’ அமைந்தது; விற்பவரோடு ஒரு சொல்லும் பேசாமல் பொருள் வாங்க முடிந்தது. 2002 அக்டோபரில் வந்த விரிவாக்கம் நகரங்களை இணைக்கும் வாயில்களை ஒரே இடத்தில் அமைத்தது. நேரம் மிஞ்சியது, வழித்துணையின் தேவையும் பேரம் பேசும் கூட்டமும் குறைந்தன.

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்: நற்பெயரும் பொறியும்

2004 நவம்பரில் வெளியான வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் இறந்தவர் அனுபவப் புள்ளிகளையோ உடைமைகளையோ இழப்பதில்லை. பிற்காலத்தார் கடினமான பழைய விளையாட்டு என ஏங்கிய இதுவே, தன் காலத்தில் வசதியான விளையாட்டாக விளங்கியது. ஆயினும் ஐவர் குழுவை அரட்டை வழியே திரட்டி, நிலவறை வாயிலுக்குப் பயணம் செய்யும் கடமை எஞ்சியிருந்தது.

2009 டிசம்பரில் வந்த 3.3ஆம் மேம்பாடு ‘டஞ்சன் ஃபைண்டர்’ கருவியைத் தந்தது. அது வெவ்வேறு வழங்கிகளிலிருந்து ஐவரைத் தெரிந்து நேரே நிலவறைக்குள் சேர்த்தது. முன்னர், பொதுப்பொருளைக் கவர்ந்தவரின் பெயர் வழங்கி முழுதும் பரவும்; அடுத்த குழு அவரை ஏற்கத் தயங்கும். மீண்டும் சந்திக்க வாய்ப்பில்லாதாரிடையே அத்தகைய நற்பெயருக்கு வலுவில்லை. அதன் பணியை வாக்கெடுத்து நீக்குதல், இடையில் விலகுவோருக்குத் தண்டனை ஆகிய விதிகள் ஏற்றன.

எனினும் பழைய முறை அனைவருக்கும் நீதி செய்ததாகக் கொள்ள இயலாது. ஆள் குறைந்த வழங்கியில் இருந்தவர், நண்பர் வட்டம் அமையாத புதியவர், நாளில் ஒரு மணி நேரமே வாய்த்தவர் ஆகியோருக்கு நிலவறை பெரும்பாலும் எட்டாததாகவே இருந்தது. கருவி அவர்களுக்குக் கதவைத் திறந்தது. உறவின் பெருமையைப் பேசுவோர் இவர்களைக் கணக்கில் கொள்வது அரிது.

மீள்வருகை

பழைய வடிவத்தை மீட்டுத்தரும் கோரிக்கையை 2013இல் பிளிசார்ட் நிறுவனத்தார் ஏற்கவில்லை. 2019 ஆகஸ்டில் அந்நிறுவனமே அதனைக் ‘கிளாசிக்’ என்னும் பெயரில் வெளியிட்டது. அங்கும் அரட்டைச் செய்திகளைத் திரட்டிக் குழுக்களைப் பட்டியலிடும் துணைநிரல்களை ஆட்டக்காரர்கள் பயன்படுத்தினர். 2022இல் ‘ராத் ஆஃப் தி லிச் கிங்’ விரிவாக்கத்தின் கிளாசிக் வடிவம், சமூகப் பிணைப்பைக் காரணம் காட்டி டஞ்சன் ஃபைண்டர் இன்றி வந்தது. 2023இல் அக்கருவி சேர்க்கப்பட்டது. கடினத்தை விரும்பி வந்தோர் உலகிலும் வசதிக்கான தேவை மறையவில்லை என்பதை இது காட்டுகிறது.

முடிவுரை

இரு விளையாட்டுகளிலும் நீக்கப்பட்ட ஒவ்வோர் இடையூறும் வழித்துணை, பேரம், நற்பெயர் என ஏதேனும் ஒரு சமூகப் பணியைச் செய்துவந்தது. நற்பெயரின் இடத்தை விதிகள் ஓரளவு நிரப்பின. வழித்துணையின் இடம் பெரிதும் நிரப்பப்படவில்லை. அதேவேளை, இடையூறுகளைப் பேணியபோது அவற்றின் விலையை நேரமும் நட்பும் குறைந்தவர்களே மிகுதியாகச் செலுத்தினர். ஆகவே ஒரு வசதியை மதிப்பிடும்போது, நீங்கும் இடையூறு செய்த பணி யாது, அதை இனி யார் செய்வர், அதன் சுமையை இதுவரை தாங்கியவர் யார் என்னும் மூன்று வினாக்களையும் ஒருங்கே எழுப்புதல் வேண்டும் என்பது இவ்வாய்வின் முடிபாகும்.