செம்பனை எண்ணெய்க்குப் போர் விமானம்



1994-ஆம் ஆண்டில் நம் மலேசியா, ரஷ்யாவிடமிருந்து 18 மிக்-29 போர் விமானங்களை வாங்க ஒப்பந்தம் செய்தது. விலை முழுவதும் பணமாகக் கொடுக்கப்படவில்லை. ஒரு பகுதியைச் செம்பனை எண்ணெயாகக் கொடுப்பது என்று முடிவாயிற்று. கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கலாம். குலையை அறுத்துச் சாய்க்கிறோம். உதிர்ந்த பழத்தைப் பொறுக்கிச் சாக்கில் கட்டுகிறோம். லாரி வந்து ஆலைக்கு ஏற்றிப் போகிறது. அந்த எண்ணெய் சமையலுக்கும் சவர்க்காரத்துக்கும் போவதை நாம் அறிவோம். அது போர் விமானத்துக்கு விலையாகவும் போனதை நம்மில் எத்தனை பேர் அறிந்திருந்தோம்?

விமானம் விற்பவர் எண்ணெயை ஏன் வாங்கிக்கொள்ள வேண்டும்? இதற்கு விடை நம் மளிகைக் கடையிலேயே இருக்கிறது. சரக்குக்கு ஆள் மோதும்போது கடைக்காரர் ரொக்கம் கேட்பார். சரக்கு தேங்கிக் கிடந்தால், கோழியைக் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு அரிசி அளப்பார். நாடுகளுக்கிடையே நடக்கும் ஆயுத வியாபாரத்திலும் வழக்கம் இதுதான். அந்தச் சந்தையில் யார் கை எப்போது ஓங்கியது, எப்போது தாழ்ந்தது என்பதை இன்று காண்போம்.

கதையைக் கொரியாவிலிருந்து தொடங்குவோம். 1950 ஜூன் 25-ஆம் நாள் வட கொரியப் படை, சோவியத் யூனியன் கொடுத்திருந்த டி-34 டாங்கிகளோடு தெற்கே இறங்கியது. தென் கொரியாவிடம் அன்று ஒரு டாங்கிகூட இல்லை. மூன்றே நாளில் தலைநகர் சியோல் வீழ்ந்தது. அமெரிக்காவும் ஐக்கிய நாடுகளின் படைகளும் வந்த பிறகே தென் கொரியா நிமிர முடிந்தது.

அந்தப் போர் நம் தோட்டங்களையும் தொட்டது. கொரியாச் சண்டைக் காலம் என்று தாத்தா பாட்டி சொல்லக் கேட்ட குடும்பங்கள் நம்மிடையே உண்டு. இராணுவ லாரிக்கும் விமானத்துக்கும் டயர் வேண்டும். டயருக்கு ரப்பர் வேண்டும். போர் பரவுமோ என்று அஞ்சிய அமெரிக்கா ரப்பரை வாங்கிக் குவித்தது. 1949-இல் ஒரு ராத்தல் ரப்பரின் சராசரி விலை 38 காசு. 1951-இல் அது 170 காசை நெருங்கியது. பிறகு அமெரிக்கா செயற்கை ரப்பர் ஆலைகளை முடுக்கிவிட்டது; சேர்த்த கையிருப்பும் போதுமென்று ஆயிற்று. 1953-இல் விலை 67 காசு அளவுக்கு இறங்கிவிட்டது. அக்காலத்தில் பால்வெட்டுக் கூலி ரப்பர் விலையோடு பிணைக்கப்பட்டிருந்ததால், கூலியும் கூடவே ஏறிக் கூடவே இறங்கியது. விலை உச்சியில் இருந்தபோதே அரிசியும் துணியும் விலை ஏறிவிட்டதால், அந்த நல்ல காலத்திலும் தொழிலாளி கையில் நின்றது கொஞ்சந்தான்.

போருக்குப் பிறகு ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் உலகில் இரண்டு பெரிய ஆயுதக் கடைகள் இருந்தன. ஒன்று அமெரிக்கா, மற்றது சோவியத் யூனியன். பிரிட்டனும் பிரான்சும் அவற்றுக்குப் பின்னால் நின்றன. இவ்விரு கடைகளிலும் இலாபம் மட்டும் நோக்கமாக இருக்கவில்லை. யார் நம் பக்கம் என்பதே முதல் கேள்வி. நண்பர் என்று கண்டால் இலவசமாகவும் கொடுத்தார்கள். நீண்ட தவணையில் கடனாகவும் கொடுத்தார்கள். இந்தியா சோவியத் யூனியனிடம் வாங்கிய தளவாடங்களுக்கு ரூபாயிலேயே கணக்கு வைத்தது. அந்த ரூபாயைக் கொண்டு சோவியத் யூனியன் இந்தியாவில் தேயிலையும் தோல் பொருளும் வாங்கிக்கொண்டது. ஆக, தோட்டத்து விளைச்சல் ஆயுதத்துக்கு ஈடாகப் போனது நம் செம்பனையோடு தொடங்கியதன்று. தேயிலைக் கொழுந்து அதற்கு முன்பே அந்த வழியில் போயிருக்கிறது.

1991 டிசம்பரில் சோவியத் யூனியன் கலைந்தது. சந்தையே தலைகீழாயிற்று. பகையாளிகள் இருவரில் ஒருவர் இல்லை என்றானதும், ஐரோப்பிய நாடுகள் தங்கள் படைகளைக் குறைத்தன. டாங்கித் தொழிற்சாலைகள் மூடின அல்லது சுருங்கின. ரஷ்யாவின் நிலை இன்னும் மோசம். இராணுவத்துக்கென்றே வாழ்ந்த பெரிய பெரிய தொழிற்சாலைகளுக்குச் சொந்த அரசாங்கத்திடமிருந்து வேலை வருவது நின்றுபோனது. வெளிநாட்டுக்கு விற்றால்தான் பிழைப்பு. தென் கொரியாவிடம் 1991-இல் சோவியத் அரசாங்கம் வாங்கியிருந்த கடனை ரஷ்யாவால் பணமாகத் திருப்பித் தர முடியவில்லை. ஆகவே கடனில் ஒரு பகுதிக்கு ஈடாக டி-80 டாங்கிகளையே அனுப்பிவைத்தது. 1950-இல் சோவியத் டாங்கிக்கு முன் நிற்க முடியாமல் ஓடிய நாடு, 1990-களில் அதே பரம்பரை டாங்கியைக் கடன் பாக்கிக்காக வாங்கி வைத்துக்கொண்டது! வரலாறு சில சமயம் இப்படியும் கணக்குத் தீர்க்கிறது.

இந்த வேளையில்தான் மலேசியா கடைக்குப் போனது. அமெரிக்காவிடம் 8 ஹார்னெட் விமானங்கள், ரஷ்யாவிடம் 18 மிக் விமானங்கள் என்று இரு பக்கமும் வாங்கியது. முன்னே என்றால் இப்படி வாங்குவது நினைத்துப் பார்க்க முடியாதது. தேங்கிய சரக்கோடு நின்ற ரஷ்யாவும் எண்ணெய்க்குச் சம்மதித்தது. 2003-இல் 18 சுகோய்-30 விமானங்களை ஏறக்குறைய 90 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்கியபோதும் செம்பனை எண்ணெய் விலையில் சேர்ந்தது. அந்த ஒப்பந்தத்தின் உடன்விளைவாகத்தான் 2007 அக்டோபரில் மலேசியாவின் முதல் விண்வெளி வீரர் ஷேக் முஸாபர் ரஷ்ய விண்கலத்தில் ஏறிப் போனார். போலந்திடம் வாங்கிய 48 டாங்கிகளுக்கும் இதே போல எண்ணெய் கைகொடுத்தது.

ஆனால் விமானம் வாங்குவது மாடு வாங்குவது போன்றதன்று. மாட்டுக்குப் புல் நம் ஊரில் கிடைக்கும். விமானத்துக்கு உதிரிப் பாகம் விற்றவரிடம்தான் கிடைக்கும். 30 ஆண்டுக்கு அவர் தயவு வேண்டும். 2018-இல் நம் தற்காப்பு அமைச்சர் நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்கு இது: ரஷ்யாவிடமிருந்து வாங்கிய 28 விமானங்களில் அப்போது பறக்கும் நிலையில் இருந்தவை 4 மட்டுமே. வாங்கும் நாளில் நம் கை ஓங்கியிருக்கலாம். பழுது பார்க்கும் நாளில் அது அவர் கைக்குப் போய்விடுகிறது. நம் கருத்தில், இந்த வியாபாரத்தில் வாங்குபவர் பெரும்பாலும் மறந்துபோகும் செலவு இதுவே.

இனி மீண்டும் கொரியாவுக்கு வருவோம். 1969-இல் அமெரிக்க அதிபர் நிக்சன், ஆசிய நாடுகள் தங்கள் பாதுகாப்பைத் தாங்களே முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். 1971-இல் கொரியாவிலிருந்து ஏறக்குறைய 20,000 அமெரிக்க வீரர்கள் திரும்பிப் போனார்கள். தென் கொரியா அஞ்சியது. அந்த அச்சமே அதற்கு முதலாயிற்று. 1970-இலேயே தற்காப்பு ஆய்வு நிலையம் ஒன்றை நிறுவியது. அமெரிக்க உரிமம் பெற்று எம்-16 துப்பாக்கி செய்யக் கற்றது. பிறகு பீரங்கி, டாங்கி, விமானம் என்று வளர்ந்தது. 1953-இல் கையெழுத்தானது போர்நிறுத்தம் மட்டுமே, சமாதான உடன்படிக்கையன்று. ஆகையால் ஐரோப்பா தொழிற்சாலைகளைச் சுருக்கிய காலத்திலும் கொரியத் தொழிற்சாலைகளில் உலை அணையவில்லை.

2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரேன்மீது படையெடுத்தது. அண்டை நாடான போலந்து, தன்னிடமிருந்த 200-க்கு மேற்பட்ட பழைய டாங்கிகளை உக்ரேனுக்குக் கொடுத்துவிட்டுப் புதியவற்றுக்கு அவசரமாக அலைந்தது. மற்றவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கச் சொன்னபோது கொரியா மாதக்கணக்கில் தர முன்வந்தது. 180 டாங்கி, 212 பீரங்கி என்று ஆகஸ்டில் ஒப்பந்தம். டிசம்பரிலேயே முதல் தொகுதி போலந்துத் துறைமுகத்தில் இறங்கியது.

ஸ்டாக்ஹோம் நகரின் அனைத்துலக அமைதி ஆய்வு நிலையம் கொடுக்கும் கணக்கைப் பார்த்தால் மாற்றம் புரியும். 2015 முதல் 2019 வரை உலக ஆயுத ஏற்றுமதியில் ரஷ்யாவின் பங்கு 21 விழுக்காடு. 2020 முதல் 2024 வரை அது 7.8 விழுக்காடு. இரண்டாம் இடத்தைப் பிரான்சு 9.6 விழுக்காட்டோடு பிடித்தது. அமெரிக்கா 43 விழுக்காட்டோடு முன்னிலும் உயர்ந்து நின்றது. ரஷ்யாவின் இறக்கத்துக்கு உக்ரேன் போர் மட்டும் காரணமன்று. சீனா தானே செய்துகொள்ளத் தொடங்கிவிட்டது. இந்தியாவும் பல கடைகளில் வாங்குகிறது. போர் வந்ததும் ரஷ்யா செய்தது அதற்கே போதவில்லை.

2023 மே மாதம் லங்காவியில், மலேசியா கொரியாவிடமிருந்து 18 எஃப்.ஏ-50 விமானங்கள் வாங்க ஒப்பந்தம் செய்தது. இந்தியாவின் தேஜஸ் விமானமும் போட்டியில் இருந்தது. விலை 408 கோடி வெள்ளி. இதிலும் ஒரு பகுதிக்குச் செம்பனை எண்ணெய் ஈடாகும் என்று அறிவிக்கப்பட்டது. ஆள் மோதும் கடையாக இருந்தும், தென்கிழக்காசியாவில் இடம் பிடிக்க வேண்டும் என்பதால் கொரியா இணங்கியது.

வீட்டில் பிள்ளைகளோடு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 408 கோடியை 18-ஆல் வகுத்தால் ஒரு விமானத்துக்கு ஏறக்குறைய 22 கோடியே 67 லட்சம் வெள்ளி. எண்ணெய் டன் 4,000 வெள்ளி என்று வைத்துக்கொண்டால் 56,000 டன்னுக்கு மேல் எண்ணெய் வேண்டும். ஒரு டன் எண்ணெய்க்கு ஐந்து டன் குலை. ஒரு குலை 20 கிலோ. முழு விலையையும் எண்ணெயாகவே கொடுப்பதென்றால், ஒரே ஒரு விமானத்துக்கு அறுக்க வேண்டிய குலை 1 கோடியே 40 லட்சம்.