உதவித்தொகை வேண்டுமா, முதலில் போதைப் பரிசோதனையா? கொள்ளேகாலை வைத்து ஒரு கணக்கு

உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலும் இது வந்திருக்கலாம். ஆதார் அட்டையைக் காட்டினால்தான் மது தர வேண்டும், மது வாங்குபவர்களுக்கு அரசின் உணவு மானியத்தை நிறுத்த வேண்டும் என்று ரத்தன் டாடா சொன்னதாக 2021-ல் ஒரு செய்தி பரவியது. அதைத் தான் சொல்லவில்லை என்று அவரே மறுத்தார். ஆனாலும் "டேக்ஸ் கட்டுறது நாம, அதுல போதை ஏத்திக்கிறது அவங்களா?" என்ற கேள்வி நிற்கவில்லை. உதவி கேட்பவருக்குப் பரிசோதனை வைத்தால் என்ன என்பதுதான் அதன் அடுத்த படி.

எங்காவது செய்து பார்த்திருக்கிறார்களா?

ஆம். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம் 2011 ஜூலையில் இதற்கான சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஏழைக் குடும்பங்களுக்கான பண உதவிக்கு விண்ணப்பிப்பவர் தன் செலவில் பரிசோதனை செய்ய வேண்டும். போதைப்பொருள் இல்லை என்று வந்தால் அரசு அந்தப் பணத்தைத் திருப்பித் தரும். சுமார் நான்கு மாதத்தில் நீதிமன்றம் தடை போட்டது. அதுவரை சோதிக்கப்பட்டவர்கள் 4,086 பேர். சிக்கியவர்கள் 108 பேர், அதாவது 2.6%. உதவியை மறுத்து மிச்சம் பிடித்ததைவிட, பரிசோதனைக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்த செலவே அதிகம். சந்தேகத்துக்குக் காரணமே இல்லாமல் எல்லோரையும் சோதிப்பது அரசியல் சாசனத்துக்கு எதிரானது என்று 2014-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் உறுதி செய்தது.

இங்கே வைத்தால் யார் வரிசையில் நிற்பார்கள்?

கொள்ளேகாலை எடுத்துக்கொள்வோம். 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர். பிறகு மைசூரு, இப்போது சாமராஜநகர் மாவட்டம். 2023 ஆகஸ்ட் 30-ல் மைசூருவில் தொடங்கிய கர்நாடகாவின் கிருக லட்சுமி திட்டம் மாதம் 2,000 ரூபாய் தருகிறது. ரேஷன் அட்டையில் குடும்பத் தலைவியாக இருக்கும் பெண்தான் விண்ணப்பிக்க முடியும். போதைப் பரிசோதனை என்ற நிபந்தனை அதில் இல்லை.

இருந்தால் என்ன ஆகும்? எய்ம்ஸ் நடத்தி, மத்திய சமூக நீதி அமைச்சகம் 2019-ல் வெளியிட்ட தேசிய ஆய்வைப் பாருங்கள். 10 முதல் 75 வயது வரையிலான ஆண்களில் 27.3% பேர் மது அருந்துகிறார்கள். பெண்களில் 1.6% பேர்தான். ஆக, வீட்டில் குடிப்பவர் பெரும்பாலும் கணவரோ மகனோதான். சிறுநீர்ப் புட்டியோடு வரிசையில் நிற்க வேண்டியவர் குடும்பத் தலைவி. கணவரையும் சேர்த்துச் சோதித்தால்? அவர் குடித்ததற்கு மனைவியின் 2,000 ரூபாய் போகும்.

பரிசோதனை எதைக் கண்டுபிடிக்கும்?

வழக்கமான சிறுநீர்ப் பரிசோதனை கஞ்சா, ஓபியம் வகை, கோகைன் போன்றவற்றைத் தேடும். தொடர்ந்து கஞ்சா எடுப்பவரிடம் அதன் தடயம் வாரக்கணக்கில் இருக்கும். மதுவோ பெரும்பாலும் ஒரு நாளுக்குள் உடலை விட்டுப் போய்விடும். அதே ஆய்வின்படி நாட்டில் மது அருந்துபவர்கள் 14.6%, கஞ்சா எடுப்பவர்கள் 2.8%. நம்மிடம் பெரிய பிரச்சினை எதுவோ அதைத்தான் இந்தச் சோதனை கோட்டைவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இரண்டு சிக்கல்கள். முதலாவது, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்குத் தொடுத்த கே.எஸ்.புட்டசாமி கர்நாடக உயர் நீதிமன்ற முன்னாள் நீதிபதி. அந்த உரிமையில் அரசு கைவைக்க வேண்டுமென்றால் சட்டம் வேண்டும், நியாயமான நோக்கம் வேண்டும், நடவடிக்கை அளவோடு இருக்க வேண்டும். இரண்டாவது, 1985-ன் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 27-வது பிரிவுப்படி, போதைப்பொருளை உட்கொள்வதே குற்றம். ஓராண்டு வரை சிறை உண்டு. உதவி கேட்டுக் கொடுக்கும் சிறுநீர், வழக்குக்கு ஆதாரமாகிவிடக்கூடும்.

அப்போ அரசு கண்டுக்கவே கூடாதா?

அப்படி இல்லை. வரிப்பணம் எங்கே போகிறது என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. குடியால் நாசமாகும் குடும்பங்களும் உண்மைதான். ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைக்கிறது. மீதி 37 பேரைக் கண்டுபிடிக்க ஆய்வகம் தேவையில்லை, அவர்கள் வீட்டுக்கே தெரியும். தேவைப்படுவது பக்கத்தில் ஒரு சிகிச்சை மையம், பயமில்லாமல் போகக்கூடிய சூழல். தானாக முன்வந்து சிகிச்சை பெறும் அடிமைகளுக்கு 27-வது பிரிவு வழக்கிலிருந்து பாதுகாப்பு தரும் 64ஏ பிரிவும் அதே சட்டத்தில் இருக்கிறது. தண்டிப்பதைவிட சிகிச்சைக்கு அழைப்பதே வழி என்பதை நம் சட்டமே ஏற்றுக்கொண்டிருக்கிறது.

உங்களுக்குத் தெரிந்த யாருக்காவது உதவி தேவைப்பட்டால், போதை மீட்புக்கான தேசிய இலவச உதவி எண் 14446. அடுத்த முறை அந்த வாட்ஸ்அப் மெசேஜ் வந்தால், பதிலாக இந்த எண்ணை அனுப்பலாம்.