நம்பர் 4 (டி): அசலா, ஒப்பனையா?

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவம் பயன்படுத்திய ஸ்னைப்பர் துப்பாக்கி நம்பர் 4 (டி). சேகரிப்பாளர்கள் இதற்குப் பெரும் விலை கொடுப்பதால் போலிகளும் ஏராளம். சாதாரண லீ-என்ஃபீல்டு நம்பர் 4ல் ஸ்கோப்பை மாட்டிவிட்டால் பார்வைக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். அப்புறம் எப்படிக் கண்டுபிடிப்பது?

அசல் எப்படி உருவானது என்று முதலில் பார்த்துவிடலாம். தொழிற்சாலைச் சோதனையில் துல்லியமாகச் சுட்ட துப்பாக்கிகளைத் தனியே எடுத்து, 1942 முதல் பெரும்பாலும் லண்டனின் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனத்துக்கு அனுப்பினார்கள். இந்திய மகாராஜாக்களுக்கு வேட்டைத் துப்பாக்கி செய்து கொடுத்த அதே கம்பெனிதான்! அங்கே உடற்பகுதியின் இடப்பக்கத்தில் இரண்டு உலோகத் தாங்கிகளைத் திருகி, அந்தத் துப்பாக்கிக்கே பொருந்துமாறு பிராக்கெட்டைச் சரிசெய்து, நம்பர் 32 ஸ்கோப்பைப் பொருத்தினார்கள். (அந்த ஸ்கோப் முதலில் பிரென் இயந்திரத் துப்பாக்கிக்காக வடிவமைக்கப்பட்டது என்பது தனிக்கதை.)

ஒன்றுக்குப் பொருத்திய பிராக்கெட்டை இன்னொன்றில் மாட்டினால் குறி தப்பும். அதனால்தான் எண்கள். துப்பாக்கியின் எண் பிராக்கெட்டில் இருக்கும். ஸ்கோப்பின் எண், கட்டையின் கழுத்துப் பகுதியில் மேலே குத்தப்பட்டிருக்கும். டேட்டாபேஸ் வேலை பார்ப்பவர்களுக்கு 'ஃபாரின் கீ' ஞாபகம் வரலாம். கூடவே உடற்பகுதியில் 'டி' முத்திரை, கட்டையின் அடியில் ஹாலண்டின் குறியீடான 'எஸ்51'. ஆனால் எஸ்51 இல்லை என்பதற்காகப் போலி என்று சொல்லிவிடக் கூடாது. ஆரம்பத்தில் என்ஃபீல்டு ஆலையிலேயே மாற்றியவற்றிலும், கனடாவின் லாங் பிராஞ்ச் தயாரிப்புகளிலும் அது இருக்காது.

சிக்கல் என்னவென்றால், எண் குத்துவது ரொம்ப சுலபம். அச்சு வாங்கிச் சுத்தியலால் தட்டினால் முடிந்தது. நகல் பிராக்கெட்டும் புதிதாகவே கிடைக்கிறது. ஆகவே எண் பொருந்துகிறதா என்பதோடு, அது எப்போது குத்தப்பட்டது என்றும் பார்க்க வேண்டும். பழைய மரத்தில் எழுத்தின் பள்ளத்துக்குள்ளும் எண்ணெயும் அழுக்கும் ஏறியிருக்கும். விளிம்புகள் கைபட்டு மழுங்கியிருக்கும். தாங்கிகளின் திருகாணி கழலாமலிருக்க அதன் ஓரத்தைத் தட்டிப் பிதுக்கியிருப்பார்கள். பின் குறியில் இருந்த சிறுதுளைப் பகுதி, ஸ்கோப்புக்கு இடைஞ்சல் என்று ராவி எடுக்கப்பட்டிருக்கும். அவசரத்தில் போலி செய்பவர்கள் இதைக் கோட்டை விடுவதுண்டு.

என்னைக் கேட்டால், எல்லாம் பளபளவென்று பொருந்தும் துப்பாக்கியை விட, கட்டையில் ஓர் எண்ணை அடித்துவிட்டுப் பக்கத்தில் வேறு எண் குத்திய துப்பாக்கியையே அதிகம் நம்புவேன். ஸ்கோப் பழுதானால் ராணுவப் பட்டறையில் வேறொன்றை மாட்டி, அப்படித்தான் பதிவு செய்தார்கள். விற்பனைக்காகப் போலி செய்பவர் தன் பொருளில் அடித்தல் திருத்தலை ஏன் வைக்கப் போகிறார்?

இத்துப்பாக்கிகளுக்கு மரப்பெட்டியும் உண்டு. அதன் மூடிக்குள் ஒட்டிய தாளில் இரண்டு எண்களையும் எழுதி வைப்பார்கள். விற்பவர்கள் பெருமையாக முதலில் காட்டுவது அதைத்தான். நான் அதைக் கடைசியில்தான் பார்ப்பேன்.