பாடும் பரிவும்

பழவேற்காடு என்றதும் நம் வாசகர் நினைவில் எழுவன மரைக்காயர்களின் மரக்கலங்களும், அவ்வூர்ப் பெயரால் கடல் கடந்து புகழ்பெற்ற துணிவகையும், 1613இல் டச்சுக்காரர் எழுப்பிய கெல்டிரியாக் கோட்டையுமே. 1690இல் டச்சுக்காரர் தம் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றிக்கொண்டனர். பின்னர் கோட்டையும் அழிந்தது. ஆனால் ஏரிக்கரைக் குப்பங்களில் மீனவர் தமக்குத் தாமே வகுத்துக்கொண்ட ஒரு முறை நெடுங்காலம் நிலைத்து நின்றது. அதற்குப் ‘பாடு’ என்று பெயர். முதியோர் இல்லங்கள் பெருகிவரும் இந்நாளில், அங்குப் பணிபுரிவோரிடையே பரிவு நிலைக்க வழி யாது என்று ஆராயப் புகும் நாம், அந்தப் பாடு முறையிலிருந்தே தொடங்க விரும்புகிறோம்.

முதியோர் பேணும் நிறுவனம் நமக்குப் புதிதன்று. 1782இல், ஹைதர் அலியுடன் நடந்த போரும் பஞ்சமும் மக்களை அலைக்கழித்த காலத்தில், சென்னையில் மணியக்காரர் சத்திரம் தோன்றியது. பசித்தவர்க்குக் கஞ்சி வார்த்த அந்த அறத்தோடு மருத்துவப் பணியும் இணைந்து வளர்ந்தது. ஸ்டான்லி மருத்துவமனையைக் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்று மக்கள் அழைத்த காரணம் இதுவே. சத்திரமோ பிற்காலத்தில் ஆதரவற்ற முதியோரின் புகலிடமாயிற்று. ஆனால் அங்குக் கஞ்சி காய்ச்சியவர் யார்? நடக்கவியலாதவரைத் தூக்கி அமர்த்தியவர் யார்? அறம் செய்தவர் பெயர்களைப் போற்றிக் காத்த வரலாறு, இவர்கள் பெயர்களைக் காக்கவில்லை. பணியாளரை எண்ணிப் பாராத இப்பழக்கம் இன்றைய இல்லங்கள் வரை தொடர்ந்து வந்திருக்கிறது.

இனிப் பழவேற்காட்டுக்கு வருவோம். சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. ஏரியில் எல்லா இடமும் ஒன்றுபோல் மீன் தருவதில்லை. முகத்துவாரத்தை அடுத்த நீரோட்டத்தில் இறால் மிகுதி; வேறிடங்களில் குறைவு. வலுத்தவன் நல்ல இடத்தைப் பற்றிக்கொண்டால் இளைத்தவன் பட்டினி கிடக்க வேண்டியதுதான். இதைத் தவிர்க்கவே கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊரார் வலையிடும் இடங்களைப் பாடுகளாகப் பிரித்தனர். சீட்டெடுத்தும் முறைவைத்தும் அவற்றைப் பகிர்ந்துகொண்டனர். இன்று நல்ல பாடு பெற்றவர் நாளை எளிய பாட்டுக்குப் போவார். கொச்சிக் காயலிலும் இலங்கையின் நீர்கொழும்பு ஏரியிலும் இத்தகைய முறைகள் உண்டு. எந்த இடமும் எவருக்கும் நிலையான சொத்தன்று என்பதே இதன் அடிப்படை.

ஆயினும் இம்முறையைப் புகழ்வதோடு நிறுத்திக்கொள்வது நேர்மையாகாது. பாட்டுரிமை பட்டினவர் குல ஆடவர்க்கே உரியதாயிருந்தது. ஏரியை நம்பி வாழ்ந்த பிறர் அதற்கு வெளியே நின்றனர். இறால் ஏற்றுமதிப் பண்டமாகி விலை உயர்ந்தபின் இதனால் மோதல்கள் எழுந்தன.

முதியோர் தொடர்பான பாடம் ஒன்றும் இங்கு உண்டு. சோழமண்டலக் கரையின் மீனவ ஊர்களில் தலைக்கட்டு வரி என்று ஒன்று உண்டு. தொழிலிலிருந்து ஓய்ந்த முதியவரிடமும் கைம்பெண்ணிடமும் பல ஊர்களில் அதைக் கேட்பதில்லை. இரக்கத்தால் பிறந்த வழக்கம் இது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தது. அதன்பின் நிவாரணப் பொருள்களைப் பங்கிட ஊர்ப் பஞ்சாயத்துகள் பல, வரி கட்டும் தலைக்கட்டுப் பட்டியலையே கையிலெடுத்தன. வரியிலிருந்து விலக்கப்பட்டிருந்தோர் பட்டியலில் இல்லை; ஆதலால் பங்கிலும் விடுபட்டனர். சலுகை பெற்றவர் கணக்கிலிருந்தே மறைந்துபோயினர்! முதியோரைக் கொண்டே சுயஉதவிக் குழுக்களை அமைக்கும் முயற்சிகள் பின்னர் இக்கரையில் நடைபெற்றன. உதவி பெறுவோராக மட்டுமின்றி, உறுப்பினராகவும் அவர்கள் எண்ணப்பட வேண்டும் என்பதே அவற்றின் உட்பொருள்.

இவ்விரு பாடங்களும் இன்றைய முதியோர் இல்லங்களுக்குப் பொருந்தும். மாவட்டந்தோறும் குறைந்தது ஓர் இல்லம் அமைக்க 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் வழிகாட்டுகிறது. கட்டடம் எழுப்பலாம், கட்டில் போடலாம். ஆனால் இரவு விழித்திருத்தல், படுக்கைப் புண்ணைத் துடைத்தல், மலசலம் அள்ளுதல் ஆகிய கடும்பணிகள் நாள்தோறும் ஒருவர் தலையிலேயே விழுமாயின், எவ்வளவு நல்ல மனமும் நாளடைவில் மரத்துப்போகும். அந்த மரத்துப்போன கை முதியவர் உடலைத் தொடும்போது, துன்பம் அவரையும் சேர்கிறது. கடும்பணியும் இளைப்பாறும் நேரமும் முறைவைத்துச் சுழலட்டும். மேற்பார்வையாளரும் ஓரிரவு விழித்திருந்து பார்க்கட்டும். எந்தப் பாட்டி இன்று உண்ணவில்லை என்பதை முதலில் அறிபவள் ஆயா. அவளுக்கும் ஆலோசனைக் கூட்டத்தில் ஓர் இருக்கை வேண்டும். முதியோர்க்கும் தம்மால் இயன்ற பணியும், தம்மைப் பற்றிய முடிவுகளில் குரலும் வேண்டும்.

பழவேற்காட்டில் முகத்துவாரம் தூர்ந்தும் மீன்வளம் குன்றியும் பாடு முறை தளர்ந்துவிட்டது. பாடு என்னும் சொல்லுக்குத் தமிழில் துன்பம் என்ற பொருளும் உண்டு. துன்பத்தை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் இடத்தில் பரிவு தானே வளரும். அதைப் பகிரும் பட்டியலில் ஒருவரையும் விட்டுவிடாமல் எழுதுவதே நம் முன்னுள்ள கடமை.